கலக்கத்தைச் சொல்லும் ஆங்கிலம்

'அப்செட்' என்ற ஆங்கிலச் சொல்லை அறியாதவர் இன்று மலைநாட்டில் மிகச் சிலரே. ஹட்டன் கடைத்தெருவிலும், நுவரெலியாச் சந்தையிலும், கொழுந்து மடுவத்திலும், பாடசாலை வாசலிலும் அச்சொல் தமிழோடு தமிழாகப் புழங்குகின்றது. "தங்கச்சி காலையிலிருந்து அப்செட்டா இருக்கு" என்பார் ஒருவர். "வயிறு அப்செட், இன்னைக்கு மலைக்குப் போகல்ல" என்பார் மற்றொருவர். மனத்திற்கும் வயிற்றிற்கும் ஒரே சொல் பொருந்துமா என்று ஐயுறுவோர் உண்டு. ஐயுற வேண்டியதில்லை. ஆங்கிலேயரும் அச்சொல்லை அவ்விரண்டிற்கும் வழங்குகின்றனர்.

அச்சொல்லின் வரலாறு சுவையானது. 15ஆம் நூற்றாண்டளவில் அதற்கு 'எடுத்து நிறுத்துதல்' என்பதே பொருள். பின்னர் அது நேர் எதிராகத் திரும்பிக் கவிழ்த்தலைக் குறிக்கலாயிற்று. படகு கவிழ்ந்தாலும் வண்டி குடைசாய்ந்தாலும் 'அப்செட்' என்றார்கள். மனம் கவிழ்ந்து தடுமாறுவதற்கு அச்சொல் வழங்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயாகும். தமிழில் 'வயிற்றைப் புரட்டுகிறது' என்று சொல்லும்போதும் இதே புரளுதல்தான் மனக்கண்ணில் தோன்றுகிறது. 'கன்ஃபியூஸ்' என்ற சொல்லும் அவ்வாறே. அதன் இலத்தீன் மூலத்திற்கு 'ஒன்றாக ஊற்றிக் கலத்தல்' என்பது பொருள். தமிழில் குழம்புவது மனமும் ஆகும். சட்டியிலுள்ளது குழம்பும் ஆகும். தெளிந்த நீரில் வேறொன்று கலந்தால் கலங்கும். கலங்கிய மனத்தைத் தமிழர் கலக்கம் என்றனர். வெவ்வேறு மூலைகளில் வாழ்ந்த இரு சாதியார், மனம் தெளிவிழப்பதை ஒரே வகையிலே கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும், ஆங்கிலேயரோ அமெரிக்கரோ தமது மனக்கலக்கத்தைச் சாதாரணப் பேச்சில் வெளியிடும்போது, பள்ளியில் ஆங்கிலம் கற்ற தமிழர் பலருக்கு அது விளங்குவதில்லை. 'சேட்' என்றால் துயரம், 'ஆங்கிரி' என்றால் சினம், 'வொரி' என்றால் கவலை என்று பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனால் பேசுவோர் இச்சொற்களை விட்டுவிட்டு, நீல நிறத்தையும், ஊறுகாயையும், மாடு கட்டிய கயிற்றையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கிடைக்கிறது, வாக்கியத்திற்குக் கிடைப்பதில்லை. இத்தகைய பேச்சு வழக்கைத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்லாங்' என்பர். கொச்சை என்று அதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், நுவரெலியா விடுதிகளில் பணிபுரியும் இளைஞர்க்கும், கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் பிறர் வீட்டில் வேலை செய்யும் பெண்களுக்கும், வெளிநாட்டு வைத்தியசாலைகளிலே முதியோரைப் பராமரிப்போர்க்கும் நாள்தோறும் காதில் விழுவது அந்தக் கொச்சையே. எதிரில் நிற்பவர் வேடிக்கையாகப் பேசுகிறாரா, மனம் உடைந்து பேசுகிறாரா என்பதை அறியாமல் அவர்கள் எவ்வாறு மறுமொழி கூறுவார்கள்?

மலைநாட்டில் ஆங்கிலமும் தமிழும் அடுத்தடுத்து வாழத் தொடங்கிக் கிட்டத்தட்ட 200 ஆண்டுகள் ஆகின்றன. முதலிற் கோப்பித் தோட்டங்கள். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னர், தேயிலைத் தோட்டங்கள். இவ்வளவு காலம் பழகிய இரு மொழிகளுள் ஒன்றின் மனம் மற்றொன்றிற்குத் தெரிந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். நிகழ்ந்தது வேறு. தோட்டத்தில் இவ்விரு மொழிகளும் சந்தித்த இடம் பிரட்டுக்களம். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லே தேய்ந்து 'பிரட்டு' ஆயிற்று என்பர். அங்கே பேச்சு இல்லை. கட்டளை மட்டுமே உண்டு. புதிதாகக் கப்பலேறி வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென்று கையடக்க நூல்கள் அச்சிடப்பட்டன. அவற்றுள் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பது. 'வாருங்கள்' என்றோ, தோட்டத்தில் வழங்கும் 'வாங்க' என்றோ அதற்குப் பெயரிடவில்லை. தகப்பன் வயதுடைய கங்காணியையும் தாய் வயதுடைய பெண்ணையும் ஒருமையிலே விளிக்கும் ஏவல் வினைதான் தமிழ்மொழியின் நுழைவாயிலாக அந்த இளைஞர்க்குக் காட்டப்பட்டது. 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட மற்றொரு நூல், தோட்டத் தொழிலாளர் பேசும் தமிழைக் 'கூலித் தமிழ்' என்றே தலைப்பிட்டுக் குறித்தது.

மறுபக்கம், தமிழும் ஆங்கிலத்திடமிருந்து வேலைக்கு வேண்டிய சொற்களையே பெற்றது. செக்ரோல், ஸ்டோர், டிவிஷன், பங்களா எனப் பட்டியல் நீளும். 'லைன்' என்ற சொல் 'லயம்' ஆயிற்று. இசையில் லயம் என்பது இன்பம் பயப்பது. தோட்டத்து லயமோ பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளின் வரிசை. ஆங்கிலத்திற்குச் சென்ற தமிழ்ச் சொற்களில் நன்கு அறியப்பட்டவை கறி, மிளகுத்தண்ணீர், சுருட்டு, கட்டுமரம் ஆகியவை. உண்பதற்கு ஒன்று, குடிப்பதற்கு ஒன்று, புகைப்பதற்கு ஒன்று, கடலிற் செல்வதற்கு ஒன்று. வருந்துவதற்கான சொல் ஒன்றையேனும் எவரும் கேட்டு வாங்கிக்கொண்டதாகக் காணோம். அந்தக் குறையை ஓரளவு நீக்கியவர் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை ஆவார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தெரிவான அவர், தம் மக்களின் துயரை ஆங்கிலக் கவிதையாகவும் உரைநடையாகவும் எழுதினார். துரைமாரின் மொழியிலே தொழிலாளரின் மனம் பேசியது அப்போதுதான்.

இனி, ஆங்கிலேயர் தம் மனம் கலங்கும்போது வழங்கும் தொடர்கள் சிலவற்றை நோக்கலாம். அவற்றுட் பல சமையலறையிலிருந்து வந்தவை. 'இன் எ ஸ்டியூ' என்று ஒருவர் சொன்னால், அவர் கொதிக்கும் குழம்பினுள் கிடப்பதுபோலப் பதைபதைக்கிறார் என்பது கருத்து. 'இன் எ பிக்கிள்' என்றால், ஊறுகாய்ச் சாடியில் அகப்பட்டாற்போல இக்கட்டில் மாட்டிக்கொண்டார் எனக் கொள்ள வேண்டும். 'ஃபெட் அப்' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு, 'வயிறார உணவு கொடுத்தார்கள்' என்று மகிழ்பவர் உண்டு. அதன் பொருள் அதற்கு நேர்மாறானது. அளவு கடந்து ஊட்டினால் தெவிட்டிவிடும் அல்லவா? அதுபோல ஒன்றைப் பொறுத்துப் பொறுத்துச் சலித்துப் போன நிலையே 'ஃபெட் அப்'. தமிழில் 'திகட்டிவிட்டது', 'வெறுத்துப் போயிற்று' என்பன அதற்கு மிக நெருங்கியவை. 'ஐ ஆம் ஃபெட் அப் வித் திஸ் ரெயின்' என்று ஒரு சுற்றுலாப் பயணி சொன்னால், அவர் மழையை நொந்துகொள்கிறார். ஆடி மாதத்து ஹட்டன் மழையை நினைத்தால், அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

தேநீர்க் கோப்பையும் இத்தொடர்களிலே இடம் பெற்றுள்ளது. அற்பக் காரணத்திற்காகப் பெருங்கலக்கம் விளைந்தால் அதனை 'ஸ்டோர்ம் இன் எ டீ கப்' என்பர், கோப்பைக்குள் புயல். அமெரிக்கர் கோப்பையை விட்டுக் கேத்தலைப் பிடித்துக்கொண்டு, 'டெம்பஸ்ட் இன் எ டீ பாட்' என்பர். தமிழில் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்போமே, அதுதான் இது. தேயிலையைப் பறிப்பவர்க்கு அக்கோப்பைக்குள் எழும் புயல் அவ்வளவு அற்பமானதாகத் தோன்றாதிருக்கலாம். ஆனால் இந்தத் தொடரை உருவாக்கியவர்கள் தேநீரைப் பருகியவர்கள். கொழுந்து பறித்தவர்கள் அல்லர்.

மலைநாட்டாருக்கு மிக எளிதில் விளங்கக்கூடியவை பனிமூட்டத்தைச் சார்ந்த தொடர்கள். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயரமுள்ள நுவரெலியாவிலும், அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பனி இறங்கும்போது நிகழ்வதை யாரும் வருணிக்கத் தேவையில்லை. நிரையிலே நிற்கும் பெண்ணுக்கு அடுத்த நிரையில் நிற்பவர் தெரிவதில்லை. குரல் மட்டுமே கேட்கும். எதிரே இருப்பது கவ்வாத்து வெட்டிய செடியா, கல்லா, கானா என்பது காலை வைத்த பின்புதான் தெரியும். 'இன் எ ஃபாக்' என்னும் ஆங்கிலத் தொடர் மனத்தின் அந்நிலையைக் குறிப்பது. துக்கச் செய்தி கேட்டவர், பல நாள் உறங்காதவர், புதிதாகப் பிள்ளை பெற்ற தாய் ஆகியோர் தம்மை இவ்வாறு கூறிக்கொள்வதுண்டு. இதே பனியிலிருந்து பிறந்த இன்னொரு தொடர் 'ஐ ஹாவ் நாட் த ஃபாகியஸ்ட்' என்பது. 'எனக்கு இதைப்பற்றி ஒன்றுமே தெரியாது' என்பதே அதன் கருத்து. அதில் துயரம் இல்லை; சற்று விளையாட்டுத்தனமே உண்டு. இரண்டிலும் பனி இருப்பது கண்டு இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது.

'டவுன் இன் த டம்ப்ஸ்' என்பதும் இங்கேதான் வந்து சேர்கிறது. 'டம்ப்' என்றால் குப்பைமேடு என்று பலரும் அறிவர். எனவே, 'குப்பைமேட்டில் விழுந்து கிடக்கிறான்' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். இந்த 'டம்ப்ஸ்' வேறு. குப்பைமேட்டைக் குறிக்கும் சொல் வழக்கிற்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே, 16ஆம் நூற்றாண்டில், மனச்சோர்வைக் குறிக்க அது வழங்கிற்று. மூடுபனி என்று பொருள்படும் ஓர் ஒல்லாந்துச் சொல்லோடு அது உறவுடையதாகலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. அவ்வாறாயின், ஒல்லாந்தரும் சோர்வைப் பனியாகவே கண்டனர் என்று ஆகின்றது. 'அண்டர் த வெதர்' என்பதோ பனியையோ மழையையோ குறிப்பதன்று. சிறிது உடல்நலமில்லை, உற்சாகமில்லை என்பதே அதன் கருத்து. மழைக்கோட்டைக் கொண்டுவந்து கொடுப்பதால் பயனில்லை. சுடுநீர் கொண்டுவந்து கொடுத்தால் நன்று.

'ஃபீலிங் புளூ' என்னும் தொடரில் நீலம் ஏன் வந்தது என்று கேட்பவர் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மனச்சோர்வை 'நீலப் பேய்கள்' பிடித்ததாகச் சொல்லுவது ஆங்கிலேயர் வழக்கம். பேய்கள் போய்விட்டன, நீலம் தங்கிவிட்டது. அமெரிக்கக் கறுப்பின மக்கள், அடிமை வாழ்விலும் அதன் பின் வந்த பருத்தித் தோட்ட வாழ்விலும் விளைந்த துயரைப் பாட்டாக்கியபோது, அந்த இசை வகைக்கு 'புளூஸ்' என்றே பெயர் நிலைத்தது. தோட்டத்திலே பிறந்த துயரப் பாட்டு எத்தகையது என்பதை மலைநாட்டாருக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

கடலிலிருந்து வந்தது 'ஆல் அட் சீ' என்பது. முன்னாளில் மாலுமிகள் கரை கண்ணுக்குத் தெரியும் வரையில் தாம் இருக்குமிடத்தை அறிவர். கரை மறைந்தால் திசை தெரியாது. அவ்வாறு திகைத்து நிற்பவனை 'ஆல் அட் சீ' என்றார்கள். தமிழில் 'நடுக்கடலில் விட்டதுபோல' என்பதும் அதுவே. இத்தொடர் மலைநாட்டு மக்களுக்கு உவமையாக மட்டும் இருந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 5,25,000 பேர் இந்தியாவிற்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியவரெனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிய முடிவு 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. நாடற்ற நிலைக்குச் சட்டத்தின் மூலம் முற்றாக முடிவு காண 2003 வரை செல்லவேண்டியிருந்தது. தலைமன்னார்த் துறைக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மலைநாட்டார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தனர். அலுவலக ஆங்கிலத்திலோ அவர்களுக்கு வழங்கிய பெயர் 'ரீபேட்ரியேட்ஸ்', அதாவது தாயகம் மீள்வோர். அவர்களுட் பெரும்பாலோர் அந்தத் தாயகத்தைக் கண்ணாலும் கண்டதில்லை. மேசைமீது எழுதும் ஆங்கிலத்திற்கும் வாய்விட்டுப் பேசும் மொழிக்கும் உள்ள தொலைவை அறிய இந்த இரு சொற்களே போதும்.

படைவீரர்கள் வாயிலாகவும் இவ்வகைச் சொற்கள் பல பிறந்தன. மகாராஷ்டிரத்தில் நாசிக் நகருக்கு அருகே தேவ்லாலி என்றோர் ஊர் உள்ளது. பணிக்காலம் முடிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் தாய்நாட்டுக் கப்பலுக்காக அங்குள்ள முகாமிலே மாதக்கணக்கிற் காத்துக் கிடப்பார்கள். வெயிலும், வேலையின்மையும், குடியும் சேர்ந்து சிலருக்குச் சித்தத்தைக் கலக்கிவிடும். அதிலிருந்து, புத்தி பேதலித்தவனை 'டூலாலி' என்று சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் உண்டாயிற்று. முதலில் அதனோடு 'டாப்' என்ற சொல்லும் ஒட்டியிருந்தது. தமிழில் தாபம் என்று வழங்கும் வடசொல்லே அது. இன்றும் இங்கிலாந்தில் இச்சொல்லை வழங்குவோருட் பலருக்கு அது ஓர் இந்திய ஊரின் பெயர் என்பது தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது 1944இல் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் பேராதனைக்கு மாற்றப்பட்டது. அக்காலத்துச் சிப்பாய் மொழியிலே பெருவழக்காக இருந்த சொல் 'பிரவுண்ட் ஆஃப்'. 'ஃபெட் அப்' என்பதற்கு உடன்பிறப்பு. இப்பொழுது அதனை முதியோர் வாயிலும் பழைய திரைப்படங்களிலுமே கேட்கலாம். பேச்சு வழக்குச் சொற்களின் இயல்பு அது. சில மூப்படையும், சில மடியும், சில மதிப்புப் பெற்று ஏட்டில் ஏறிவிடும். ஒரு காலத்தில் புதுநாகரிகச் சொல்லாக இருந்தது 'போர்ட்' என்பது. அதுவே இன்று 'போர் அடிக்குது' என்று தமிழ்க் குழந்தைகள் வாயிலும் வழங்குகின்றது.

மேலே கூறியவற்றைப் புரிந்துகொள்ளாவிடினும் பெருங்கேடு விளைவதில்லை. கேடு விளையக்கூடிய சொற்கள் வேறு சில உண்டு. அவற்றுள் ஒன்று 'மேட்'. இங்கிலாந்தில் இதற்குப் பைத்தியம் என்பது முதற்பொருள். அமெரிக்கர் பேச்சிலோ சினம் என்பதே முதற்பொருள். 'ஐ ஆம் மேட் அட் த டிரைவர்' என்று அமெரிக்கப் பெண்மணி ஒருவர் சொன்னால், அவருக்குச் சாரதிமீது கோபம் என்று மட்டுமே அறிய வேண்டும். 'கிராஸ்' என்ற சொல்லும் அத்தகையதே. சிலுவை என்றும், கடத்தல் என்றும் கற்ற மாணவர்க்கு, 'ஷீ இஸ் கிராஸ் வித் யூ' என்பது விளங்காது. 'அவருக்கு உன்மேல் சிறிது கோபம்' என்பதே அது.

சிறிது கோபம் என்று சொல்லும்போது, அந்தச் 'சிறிது' எவ்வளவு என்பதையும் ஆராய வேண்டும். ஆங்கிலேயர், அவருள்ளும் பழைய பள்ளிகளில் பயின்றோர், தம் மனத்தின் அளவைக் குறைத்துச் சொல்வதையே பண்பாகக் கொண்டவர்கள். 'எ லிட்டில் டிஸப்பாயிண்டட்' என்று துரை ஒருவர் மெல்லச் சொன்னால், தோட்டக் காரியாலயத்தில் அன்றைக்கு எவரும் தலைநிமிர மாட்டார்கள் என்பது பழைய கிளாக்கர்மார் அனுபவத்தால் அறிந்த உண்மை. ஸ்டெர்லிங் கம்பெனிகளின் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, வெள்ளைக்காரத் துரைமார் விடைபெற்ற பின்னரும், அந்தப் பேச்சு முறை பங்களாக்களை விட்டு உடனே போய்விடவில்லை. 'பிட்', 'ராதர்', 'குவைட்' ஆகிய சிறு சொற்கள் ஆங்கிலேயர் வாயில் வரும்போது, அவற்றைக் கூட்டிக் கணக்கிட வேண்டுமேயன்றிக் கழித்துக் கணக்கிடுதல் கூடாது. அமெரிக்கரிடம் நிலைமை மாறும். அவர்கள் கூட்டியே பேசுபவர்கள். 'டோட்டலி டெவஸ்டேட்டட்' என்று ஒருவர் சொன்னது விடுதியில் ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டதைப்பற்றியும் இருக்கலாம்.

'கட்டெட்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்த்தல் தகும். 'கட்' என்றால் குடல். மீனின் குடலை நீக்குதல் அதன் பழைய பொருள். உட்புறம் முழுவதும் எரிந்து வெறுஞ்சுவர் மட்டும் நிற்கும் கட்டடத்திற்கும் அச்சொல் வழங்கும். இலங்கையின் ஆங்கிலப் பத்திரிகைகளிலே மலைநாட்டார் இச்சொல்லைக் காண்பது பெரும்பாலும் இப்பொருளில்தான். லயத்தின் ஓர் அறையிற் பற்றிய தீ, பொதுச் சுவரையும் கூரையையும் தொடர்ந்து வரிசை முழுவதையும் விழுங்கிவிடும். பாடப்புத்தகமும், உடுபுடவையும், பிறப்புச் சான்றிதழும், அடையாள அட்டையும் ஒரே இரவிற் சாம்பலாகும். மறுநாள் பத்திரிகைத் தலைப்பிலே 'கட்டெட்' என்ற ஒரு சொல் நிற்கும். அதே சொல்லை ஆங்கிலேயர் 1980களிலிருந்து பெருவழக்காக மனத்திற்கும் வழங்கி வருகின்றனர். ஆசைப்பட்டது கிட்டாமல் உள்ளே வெறுமையாகிப் போன நிலை. கிரிக்கெட்டில் தோற்றவனும் 'கட்டெட்'. பரீட்சையில் தவறியவனும் 'கட்டெட்'. எல்லவுக்குச் செல்லும் புகையிரதத்தில் ஜன்னலோர ஆசனம் கிடைக்காத பயணியும் 'கட்டெட்'. லயம் எரிந்ததைப் பார்த்த ஓர் இளைஞன் விடுதியிலே இதனைக் கேட்டால் திடுக்கிடுவது இயல்பே. அப்பயணி பொய் சொல்லவில்லை. அவருடைய ஊரில் அச்சொல் அவ்வளவு இலேசாகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக, கேட்பதற்கு இலேசாகவும் கருத்தில் மிகக் கனமாகவும் இருப்பது 'அட் த எண்ட் ஆஃப் மை டெதர்' என்ற தொடர். 'டெதர்' என்பது மாட்டை முளையிற் கட்டும் கயிறு. லயத்துக் கோடியிலே பசு வளர்க்கும் வீட்டார் இதனை நாள்தோறும் காண்கிறார்கள். கயிறு எட்டும் மட்டும் புல்லை மேய்ந்துவிட்டு, இனி ஓரடியும் நகர முடியாமல், கழுத்திற் கயிறு இறுக நிற்கும் மாட்டின் நிலை அது. ஒரு மனிதர் தம்மை அவ்வாறு சொல்லிக்கொள்வாரானால், பொறுமையும் வலிமையும் வழியும் தீர்ந்துவிட்டன என்று அறிவிக்கிறார். 'ஐ காண்ட் கோப்' என்பதும் அத்தகையதே; 'என்னால் சமாளிக்க முடியவில்லை' என்பது அதன் நேர்ப்பொருள். இங்கிலாந்தில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் பெண், இதனைக் கேட்டுச் சிரித்துத் தலையசைத்துவிட்டு அப்பாற் போனால், அது மொழிப்பிழையாக மட்டும் முடிவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'வுட் யூ லைக் டு டாக்?' என்று கேட்க வேண்டிய வேளை அது. பொறுப்பான மருத்துவத் தாதிக்கும் அன்றே அறிவித்தல் வேண்டும்.

'அப்செட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் சிறு சொல்லையும் கவனியாது விடலாகாது. 'அப்செட் வித் யூ' என்றால் உன்மேல் மனத்தாங்கல். 'அப்செட் ஃபார் யூ' என்றால் உனக்காக மனம் வருந்துதல். 'அப்செட் அபவுட் இட்' என்றால் அந்த நிகழ்ச்சியைப்பற்றி வருந்துதல். வீட்டு வேலைக்குச் சென்ற பெண்ணிடம், 'மேடம் இஸ் அப்செட்' என்று யாரேனும் சொன்னால், தன்மேல்தான் கோபமோ என்று அவள் நடுங்குவதுண்டு. அஞ்சுவதற்கு முன்பு, 'வித் மீ?' என்று பணிவாக ஒரு சொல் கேட்டுவிட்டால் பாதி நடுக்கம் தீரும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும் வழியிலும் இதே பள்ளங்கள் உண்டு. இலங்கைத் தமிழர் 'யோசிக்காதீங்க' என்று ஆறுதல் சொல்வர். கவலைப்பட வேண்டாம் என்பது கருத்து. அதனைத் 'டோண்ட் திங்க்' என்று ஆங்கிலமாக்கினால், சிந்திக்கவே கூடாது என்று தடுப்பதாக முடியும். தமிழகத்திலிருந்து வந்த தமிழரே இந்த வழக்கில் ஒரு கணம் தடுமாறுவதுண்டு என்றால், ஆங்கிலேயரைப்பற்றிச் சொல்ல வேண்டுமா? யாழ்ப்பாணத்தார் 'அந்தரமாக் கிடக்கு' என்பார்கள். வானத்திற்கும் பூமிக்கும் நடுவே தொங்குவதுபோன்ற பதற்றம் அது. வயிற்றிற் புளியைக் கரைத்தது என்று சொல்பவரின் அச்சத்தைப் புளிப்பு நோயாகக் கருதி மருந்து கொடுத்துவிடவும் கூடும். ஆங்கிலேயர் வயிற்றிலே அவ்வேளையில் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன, புளி கரைவதில்லை.

இது வேடிக்கையாகத் தோன்றினும், வைத்தியரின் முன்னே உட்காரும்போது வேடிக்கை தீர்ந்துவிடுகிறது. தமிழ் அறியாத வைத்தியரிடம், "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரியா இருக்குங்க, மனசு கெடந்து அடிச்சிக்குது" என்று ஒரு தாய் சொல்கிறார். கூட வந்த பள்ளிப்பிள்ளை அதனை 'செஸ்ட் பெய்ன்' என்று மொழிபெயர்த்தால், இருதயப் பரிசோதனை நடக்கும். 'ஷீ இஸ் சேட்' என்றால், ஒரு பரிசோதனையும் நடவாமற் போகலாம். இரண்டுமே தவறான வழிகள். அந்நேரத்திலே கொச்சையும் வேண்டாம், உவமையும் வேண்டாம். வலி உண்டா, இல்லையா, எத்தனை நாளாக, உறக்கம் வருகிறதா, உணவு இறங்குகிறதா, எந்நேரமும் அச்சமா, சில வேளைகளிலா என்பனவற்றைத் தாயிடம் தமிழிலே கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் சிறு வாக்கியமாகச் சொல்லுதல் வேண்டும். 'ஷீ ஹாஸ் நோ பெய்ன். ஷீ ஃபீல்ஸ் அஃப்ரெய்ட். ஷீ ஹாஸ் நாட் ஸ்லெப்ட் ஃபார் ஃபைவ் நைட்ஸ்.' எட்டாம் வகுப்பு ஆங்கிலம் இதற்குப் போதும். தாய் சொன்னதில் எதற்கேனும் ஆங்கிலம் தெரியாவிட்டால், அந்தத் தமிழ்ச் சொல்லையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தமிழறிந்த தாதியிடம் காட்டும்படி கேட்டுக்கொள்ளலாம்.